கியர் விழவில்லையா? வண்டியை விற்காதீர்கள்!

ராசிபுரம் பக்கம் சில வீடுகளில் அப்பா ஓட்டிய பழைய புல்லட் மூலையில் கிடக்கிறது. 1955 முதல் சென்னையில் தயாராகி வந்த வண்டி! பல வருடம் கழித்து எடுத்தால் கியர் விழாது. "கியர் பாக்ஸ் போச்சு" என்று பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறார்கள். இது சரியா? சரியல்ல!

பல நேரம் குற்றம் கியரில் இல்லை, கிளட்சில் இருக்கிறது. சும்மா நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட்டுகள் ஒட்டிக்கொள்ளும். கேபிள் துருப்பிடிக்கும்.

முதலில் ஆயிலை மாற்றுங்கள். கேபிளைச் சரிபாருங்கள். பிறகு சாவியை அணைத்து, வண்டியை நியூட்ரலில் வைத்து, கிளட்ச்சைப் பிடித்தபடி கிக்கரை நாலைந்து தரம் மிதியுங்கள். எஞ்சின் சுற்றாமல் கிக்கர் மட்டும் இறங்கினால் பிளேட்டுகள் விட்டுவிட்டன என்று பொருள்.

அதற்குப் பிறகும் கியர் விழாவிட்டால்தான் கியர் பாக்ஸைத் திறக்க வேண்டும். அதற்கு முன் விற்பது அவசரம். அப்பா ஓட்டிய வண்டி பழைய இரும்பு அல்ல!