கை உயர்ந்த இரவிலேயே முடிந்த போட்டி: டிரம்பை எதிர்க்காமல் எதிர்த்தவர்கள்

புதுதில்லி, 2024 மார்ச் 7: அமெரிக்க அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் வேட்பாளராகும் போட்டியிலிருந்து நிக்கி ஹேலி புதன்கிழமை விலகினார். அதற்கு முந்தைய நாள் நடைபெற்ற ‘சூப்பர் டியூஸ்டே’ உட்கட்சித் தேர்தலில் 15 மாநிலங்களில் 14ஐ, அப்போது முன்னாள் அதிபராக இருந்த டொனால்டு டிரம்ப் கைப்பற்றினார். ஹேலிக்குக் கிடைத்தது வெர்மாண்ட் மட்டுமே. வேட்பாளராகத் தேவைப்பட்ட 1,215 பிரதிநிதிகளின் ஆதரவை டிரம்ப் அப்போது எட்டியிருக்கவில்லை. ஆயினும் எதிரில் எவரும் இல்லாத நிலையில் அது சில நாள்களில் நிறைவேறவிருந்த சடங்கே.

போட்டி புதன்கிழமை முடிந்ததாகச் செய்திகள் கூறுகின்றன. உண்மையில் அது முடிந்தது 2023 ஆகஸ்ட் 23ஆம் தேதி இரவு, மில்வாக்கி நகரில். அன்று நடந்த முதல் விவாதத்தில் எட்டு வேட்பாளர்கள் மேடையில் நின்றனர். டிரம்ப் வரவில்லை. நீதிமன்றத்தில் டிரம்ப் குற்றவாளியெனத் தீர்ப்பளிக்கப்பட்டாலும், கட்சி அவரை வேட்பாளராக்கினால் ஆதரிப்பீர்களா என்று நெறியாளர்கள் வினவினர். ஆறு பேர் கை உயர்த்தினர். விவேக் ராமசாமியின் கை முதலில் உயர்ந்தது. புளோரிடா ஆளுநர் ரான் டிசாண்டிஸ் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு உயர்த்தினார். ஹேலியும் உயர்த்தினார். மறுநாள் ஜார்ஜியா சிறையில் டிரம்பின் புகைப்படம் கைதிக்குரிய முறையில் எடுக்கப்பட்டது.

அப்போது நான்கு குற்ற வழக்குகளை எதிர்கொண்டிருந்த ஒருவரை ‘இவர் தகுதியற்றவர்’ என்று கூற இயலாதவர்கள், தம்மை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வாக்காளர்களிடம் எவ்வாறு விளக்குவர்? அந்த இரவுக்குப் பின் நடந்தவை யாவும் இரண்டாம் இடத்துக்கான போட்டியாகவே இருந்தன.

டிசாண்டிஸை எடுத்துக்கொள்வோம். 2022 நவம்பரில் ஏறத்தாழ 19 சதவீத வாக்கு வித்தியாசத்தில் மீண்டும் ஆளுநரானபோது, கட்சியின் எதிர்காலம் அவரே என்று எழுதாத நாளேடு இல்லை. அவர் முன்வைத்ததோ டிரம்பின் கொள்கைகளையே, டிரம்ப் இல்லாமல். அசல் கடையில் இருக்கும்போது நகலை வாங்குவார் யார்? அயோவாவின் 99 மாவட்டங்களுக்கும் சென்றார்; ஜனவரி 15 அன்று அவர் பெற்றது 21 சதவீதம், டிரம்ப் பெற்றது 51 சதவீதம். (அயோவாவில் நடப்பது ‘காகஸ்’, ஊர்மக்கள் குளிரில் பள்ளிக்கூடங்களிலும் தேவாலயங்களிலும் கூடி, ஆதரவாளர்களின் பேச்சைக் கேட்டபின் வாக்களிக்கும் முறை. இதற்கு ஒற்றைத் தமிழ்ச்சொல் தேடி மொழிபெயர்ப்பு மேசையில் ஒவ்வொரு நான்காண்டும் தோற்றுப்போகிறோம்.) வாக்களிப்புக்கு ஐந்து நாள்களுக்கு முன், டெ மாயின் நகரில் டிசாண்டிஸும் ஹேலியும் மட்டும் பங்கேற்ற விவாதத்தில் இருவரும் ஒருவரையொருவர் பொய்யர் என்று சாடிக்கொண்டிருந்தனர். அதே நேரத்தில், அதே நகரில், மற்றொரு தொலைக்காட்சியில் டிரம்ப் தனியே மக்களிடம் பேசிக்கொண்டிருந்தார்.

ராமசாமி இன்னும் விந்தையானவர். டிரம்பை 21ஆம் நூற்றாண்டின் ஆகச்சிறந்த அதிபர் என்று புகழ்ந்துகொண்டே அவருக்கு எதிராகப் போட்டியிட்டார். அயோவாவில் 7.7 சதவீதம் பெற்று, அன்றிரவே விலகி டிரம்புக்கு ஆதரவளித்தார். இதனைத் தோல்வி என்பதைவிட, பணி நாடும் விண்ணப்பம் என்பதே பொருந்தும்.

எஞ்சியவர் ஹேலி. இறுதிவரை நின்றவர் என்ற மதிப்பு அவருக்கு உரியது. முதல் ஓராண்டு தயங்கியவர் என்ற குறையும் அவருக்கே உரியது. டிரம்ப் போட்டியிட்டால் தாம் போட்டியிடப்போவதில்லை என 2021இல் கூறியவர் அவர். மாதக்கணக்கில் அவருடைய மேடைப்பேச்சில் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தது: சரியோ தவறோ, குழப்பம் அவரைப் பின்தொடர்கிறது. மொழிபெயர்க்கும்போதெல்லாம் ‘சரியோ தவறோ’ என்ற அந்த முன்னொட்டில் கை தயங்கும். குற்றச்சாட்டும் அதனைத் திரும்பப்பெறுதலும் ஒரே வாக்கியத்தில் அமைந்திருந்தன. குழப்பம் தானாகவே வந்து ஒட்டிக்கொண்டது போலவும், அதற்கு அவர் பொறுப்பல்லர் போலவும் அது ஒலித்தது.

நியூ ஹாம்ப்ஷயரில் 43 சதவீத வாக்குகள் பெற்ற பின்னரே அவர் குரல் மாறியது. டிரம்பின் வயது, நினைவுத் தடுமாற்றம், நீதிமன்றச் செலவுகள் ஆகியவற்றை வெளிப்படையாகப் பேசினார். ஆப்பிரிக்காவில் ராணுவப் பணியில் இருந்த அவருடைய கணவர் எங்கே என்று டிரம்ப் கேலி செய்தபோது நேரடியாகப் பதிலடி கொடுத்தார். மார்ச் 3 அன்று, வெற்றிபெறும் வேட்பாளரை ஆதரிப்பதாகக் கட்சிக்கு அளித்த உறுதிமொழி இனித் தம்மைக் கட்டுப்படுத்தாது என்றார். மில்வாக்கியில் உயர்ந்த கை இறங்க ஆறு மாதங்களுக்கு மேல் ஆயிற்று.

அதற்குள் காலம் கடந்திருந்தது. 2012இல் ஆளுநராக இருந்த ஹேலியால் செனட் அவைக்கு நியமிக்கப்பட்ட டிம் ஸ்காட், 2024 ஜனவரியில் டிரம்ப் மேடையில் ஏறி நின்றார். நெவாடாவில் டிரம்பின் பெயரே இல்லாத வாக்குச்சீட்டில், நம் நோட்டாவைப் போன்ற ‘இவர்களுள் எவருமில்லை’ என்ற தெரிவு ஹேலியை இரு மடங்கு வாக்குகளில் வென்றது. சொந்த மாநிலமான தெற்கு கரோலினாவில் 39.5 சதவீத வாக்குகளைப் பெற்றும், 50 பிரதிநிதிகளில் அவருக்குக் கிடைத்தவர்கள் 3 பேரே. வென்றவருக்கே பெரும்பங்கு என்ற கட்சி விதிகளின் விளைவு இது. கலிபோர்னியாவின் 169 பிரதிநிதிகளும் மொத்தமாக டிரம்பிடம் சென்றனர்.

இந்திய ஊடகங்கள் இப்போட்டியைக் கண்ட விதத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ‘இந்திய வம்சாவளி வேட்பாளர்’ என்ற தொடர் இன்றி ஹேலி, ராமசாமி பற்றிய செய்தி எதுவும் வெளிவரவில்லை. நம் பக்கமும் விலக்கல்ல. ஹேலியின் பெற்றோர் பஞ்சாபிலிருந்து சென்ற சீக்கியர். ராமசாமியின் பெற்றோர் பாலக்காட்டுப் பகுதியிலிருந்து சென்ற, தமிழ் பேசும் குடும்பத்தினர். இந்தப் பெருமிதத்தில் பிழையில்லை. ஆனால் தம் நிறுவனம் பயன்படுத்திய எச்-1பி விசா முறையையே ஒழிப்பதாக ராமசாமி முழங்கியதும், ஹேலியைச் சிறுமைப்படுத்த அவருடைய பிறப்புப் பெயரான நிம்ரதா ரந்தாவாவைப் பிழையாக எழுதித் தம் இணையதளத்தில் பயன்படுத்தியதும் நம் செய்திகளில் ஓரிரு வரிகளுக்கு மேல் பெறவில்லை. ஜனவரியில் டிரம்பும் அதே பெயரைச் சிதைத்து எழுதினார். ஹேலி பிறந்தபோது பெற்றோர் குடியுரிமை பெற்றிருக்கவில்லை என்பதால் அவருக்கு அதிபராகும் தகுதியில்லை என்ற ஆதாரமற்ற கருத்தையும் பரப்பினார். ஹேலி பிறந்தது தெற்கு கரோலினாவின் பாம்பெர்க் நகரில். அமெரிக்க மண்ணில் பிறந்தவர், ஒரு மாநிலத்தை ஆறு ஆண்டுகள் ஆண்டவர், ஐ.நா.வில் அந்நாட்டின் தூதராக இருந்தவர். அவருக்கே பெயர் இப்படித் திருப்பி எறியப்படுமானால், அங்கு வாழும் ஏனைய இந்தியக் குடும்பங்கள் எதனைப் புரிந்துகொள்ளும்? வம்சாவளியைக் கொண்டாடிய நாம் இதனைக் கேட்டிருக்க வேண்டும்.

டிரம்புக்கு இது முழுமையான வெற்றியும் அன்று. நியூ ஹாம்ப்ஷயரிலும் தெற்கு கரோலினாவிலும் வாக்களித்தவர்களில் பத்தில் நால்வர், முன்னாள் அதிபரான அவரை ஏற்கவில்லை. அவர்களுள் கட்சி சாராதவர்கள் பலர் என்பதும், நவம்பரில் தீர்மானிக்கவிருந்தவர்கள் அவர்களே என்பதும் கவனிக்கத்தக்கவை. டிரம்ப் மீதான நியூயார்க் குற்ற வழக்கின் விசாரணை மார்ச் 25 அன்று தொடங்க அப்போது நாள் குறிக்கப்பட்டிருந்தது. ஹேலியோ விலகும்போது டிரம்பை ஆதரிக்கவில்லை. தம் ஆதரவாளர்களின் வாக்குகளை அவரே உழைத்துப் பெற வேண்டும் என்று கூறினார்.

2024 மார்ச் 12 அன்று ஜார்ஜியாவில் உட்கட்சித் தேர்தல் நடைபெறவிருந்தது. வாக்குச்சீட்டில் ஹேலியின் பெயர் நீடித்தது. போட்டியில் இல்லாத அவருக்கு எத்தனை பேர் வாக்களிப்பர் என்பதே அன்று பார்க்க வேண்டியிருந்த எண். 2020இல் அம்மாநிலத்தில் டிரம்பை பைடன் வென்றது 11,779 வாக்குகளில்.