சைக்கிள் கொடுத்த அரசு பாதையும் கொடுக்க வேண்டும்

தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்காக 2001-02இல் தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம், பின்னர் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் மாணவர்கள் அனைவருக்கும் விரிந்தது. 2022இல் மட்டும் சுமார் 6.35 லட்சம் பேருக்கு ஏறத்தாழ 323 கோடி ரூபாயில் சைக்கிள் வழங்கப்பட்டது. நாமக்கல் மாவட்டத்தில் பழங்குடியினருக்கான தனித்தொகுதியான சேந்தமங்கலத்துக்கு இத்திட்டத்தின் அருமையைச் சொல்லத் தேவையில்லை. ஆனால், சைக்கிளுக்குப் பணம் ஒதுக்கும் அக்கறை, அது போகும் பாதைக்கு வருவதில்லை. இதற்குப் புதிய பெருநிதி எதுவும் வேண்டாம். சாலைக்கென்று ஏற்கெனவே செலவாகும் பணத்தில் ஒரு பங்கை நடப்பவர்களுக்கும் சைக்கிளில் செல்பவர்களுக்கும் கட்டாயமாக்கினால் போதும்.

2022இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். விவசாயம், வீட்டுத்தொழில் தவிர்த்த வேலைகளுக்குச் செல்வோரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் நடந்தோ சைக்கிளிலோ போவதாக 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டியது. நடைபாதை என்பது வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றமும் 2025 மே மாதம் சொல்லிவிட்டது. லாரித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல்லிலிருந்து காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி வழியாகக் கொல்லிமலைக்கு ஏறும் வாகனங்கள் சேந்தமங்கலத்தைக் கடந்தே போகின்றன. இப்படிப்பட்ட ஊர்களில் பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கும். தெருக்கள் பேரூராட்சியிடம் இருக்கும். தார் போடும் இடம் வரை கணக்கில் வரும். அதற்கு அப்பால் உள்ள ஓரம் யார் பொறுப்பு என்பதில்தான் சிக்கல்.

ஆகவே முதலில் வரிசையை முடிவு செய்ய வேண்டும். பள்ளி, அரசு மருத்துவமனை, பேருந்து நிலையம் ஆகியவற்றைச் சுற்றி அரை கிலோமீட்டருக்குள் வரும் சாலைகள் முன்னால் வரட்டும். அழகுக்காகப் போடும் பேவர் பிளாக் பின்னால் வரட்டும். ஊர் எல்லைக்குள் சாலை போட எஸ்டிமேட் தயாராகும்போதே வடிகால், அதன் மேல்மூடி, இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த குறைந்தபட்சம் 1.8 மீட்டர் நடைபாதை மூன்றும் அதில் சேர வேண்டும். பிறகு தோண்டிச் செய்வதைவிட இது சிக்கனம். சென்னை மாநகராட்சி 2014இல் ஏற்ற கொள்கை, போக்குவரத்துச் செலவில் 60 விழுக்காட்டை நடைக்கும் சைக்கிளுக்கும் என்றது. ஆனால், 2018க்குள் 80 விழுக்காடு தெருக்களில் நடைபாதை என்ற அதன் இலக்கு எட்டப்படவில்லை. அறிவித்தால் மட்டும் போதாது. எவ்வளவு செலவானது என்று ஆண்டுதோறும் மன்றத்தில் கணக்கு வைக்கும் கட்டாயமும் இருக்க வேண்டும்.

சாலையே குறுகலாயிற்றே என்பார்கள். இடமில்லாத இடத்தில் வேகத்தடையும் ஒருபக்க வாகன நிறுத்தமும் போட்டு வண்டிகளின் வேகத்தைக் குறைக்கலாம். வியாபாரம் படுத்துவிடும் என்ற அச்சத்துக்குச் சென்னை பாண்டி பஜார் பதில் சொல்கிறது. 2019இல் அங்கே நடைபாதையை அகலமாக்கிய பிறகும் கடைத்தெரு கடைத்தெருவாகவே நடக்கிறது. தள்ளுவண்டிக்காரர்களை விரட்டவும் தேவையில்லை. அவர்களுக்கு இடம் குறித்துக் கொடுக்க 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம் வழி செய்திருக்கிறது. இப்போது வீட்டுக்கு வீடு பைக் இருக்கிறதே என்பது இன்னொரு வாதம். பதினெட்டு வயதாகாத மாணவருக்கும், வண்டி ஓட்ட முடியாத முதியவருக்கும் அந்த பைக்கால் என்ன பயன்? பேரூராட்சி மன்றமும் நெடுஞ்சாலைத் துறையும் அடுத்த டெண்டருக்கு முன் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும். நடைபாதை இல்லாத எஸ்டிமேட்டுக்கு ஒப்புதல் தருவதில்லை என்று உறுப்பினர்கள் ஒரு தீர்மானம் போடட்டும்; வாக்களித்தவர்கள் அதைக் கேட்டு வாங்கட்டும்.