எந்த வேலை என்று கேளுங்கள்



ஊர்ப் பெரியவர்களே, நம் ஊர்த் திருவிழாவுக்கு வந்து சிங்கப்பூருக்குத் திரும்பியதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. தேரன்று கோயில் வாசலில் யாருக்குப் பரிவட்டம் கட்டினீர்கள்? நம் பிள்ளைகளிடம் தலைக்கு மூன்று லட்சம், நான்கு லட்சம் வாங்கிக்கொண்டு பெர்மிட் போட்டுக் கொடுக்கும் ஏஜென்ட்டுக்கு. பந்தல் செலவு முழுவதையும் அவர் ஏற்றுக்கொண்டாராம். ஐயா, அந்தப் பந்தல் நம் பெண்களின் காதிலும் கழுத்திலும் இருந்த நகை. எனக்குத் தெரிந்து நம் ஊரில் அந்தத் துணியைத் தலையில் வாங்கியவர்கள் ஏரி மதகைக் காத்தவர்களும், பள்ளிக்கூடத்துக்கு நிலம் எழுதிக் கொடுத்தவர்களும்தான். சின்ன விஷயத்தைப் பெரிதாக்காதே என்கிறான் என் தம்பி. என்னால் அப்படி விட முடியவில்லை. ஊர் யார் தலையில் பரிவட்டம் கட்டுகிறதோ அவர் வீட்டு வாசலில்தானே நாளைக்குப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் போய் நிற்பார்கள்?

ஊரை விட்டுப் போனவனுக்கு என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நம் தோப்புகளை முறித்துப் போட்டபோது நான் இங்கே இருந்தேன். விழுந்த மரங்களுக்கு நடுவில் அப்பா தனியாக நின்றார். நான் பணம் அனுப்பினேன், பக்கத்தில் நிற்கவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது. ஆனால் புயலுக்குப் பிறகு வைத்த கன்றுகள் காய்க்கத் தொடங்கும் காலத்தில், அந்தத் தோப்பையே அடமானம் வைத்து ஏஜென்ட்டிடம் கட்டுகிறீர்களே, அதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பேன்?

வந்திருந்த நாட்களில் வீடு தேடி வந்தவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “எவ்வளவு கட்டணும் தம்பி?” என்ன வேலை, எந்தக் கம்பெனி, அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

போன மாதம் எங்கள் கட்டுமான சைட்டுக்கு நம் பக்கத்துப் பையன் ஒருவன் வந்தான். சிவில் இன்ஜினீயரிங் படித்தவன். காலையில் டூல்பாக்ஸ் மீட்டிங் என்ற பாதுகாப்புக் கூட்டம் முடிந்ததும் வரைபடத்தைக் கையில் கொடுத்தேன். அதில் ஹெச்13-150 என்று இருந்தது. 13 மில்லிமீட்டர் கம்பியை 150 மில்லிமீட்டர் இடைவெளியில் கட்ட வேண்டும் என்று பொருள். நாலு வருடம் கல்லூரிக்குப் போனவனுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற பங்களாதேஷ்காரர், பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவர், டேப்பை வைத்து அளந்து சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினார். பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். விடிகாலையில் கொண்டுவந்து வைத்த கேட்டரிங் சோறு மதியத்தில் புளித்திருந்தது. அதைப் பிசைந்தபடி வட்டிக் கணக்கைச் சொன்னான். அவனை நான் குறை சொல்ல மாட்டேன். கம்பி கட்டக் கற்றுக்கொண்டு போ என்று அவனிடம் சொல்ல ஊரில் ஒருவரும் இல்லை.

இங்கே கணக்கு இப்படித்தான் ஓடுகிறது. கட்டுமான வேலையில் வெளிநாட்டு ஆள் ஒருவரை வைத்துக்கொள்ள முதலாளி அரசாங்கத்துக்கு மாதா மாதம் லெவி கட்ட வேண்டும். உயர்திறன் சான்று உள்ளவருக்கு 500 சிங்கப்பூர் வெள்ளி, அடிப்படைத் திறன் உள்ளவருக்கு 900 வெள்ளி. 2024 ஜனவரியிலிருந்து இதுதான் நிலவரம். வேலை குறையும்போது யாரை வைத்துக்கொள்வார், யாருக்கு டிக்கெட் போடுவார்? பெர்மிட் அதிகபட்சம் இரண்டு வருடம்தான். கடன் அடைவதற்குள் திரும்பிவிட்ட பிள்ளைகள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களுடைய அம்மாக்கள் அந்தப் பரிவட்டத்தைக் கூட்டத்தில் நின்று பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

நானும் கூலி ஆளாகத்தான் வந்தேன். ஞாயிற்றுக்கிழமை தேக்கா கடைத்தெருவுக்குப் போகாமல் வகுப்புக்குப் போனேன். முதலில் பாரம் கட்டும் ரிக்கர், பிறகு கிரேனுக்குச் சைகை காட்டும் சிக்னல்மேன், இப்போது லிஃப்டிங் சூப்பர்வைசர். நான் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் எங்கள் சைட்டில் டவர் கிரேன் கொக்கி எதையும் தூக்காது. இதைப் பெருமையாகவே சொல்கிறேன். உங்கள் பிள்ளைகளாலும் முடியும். புதுக்கோட்டையிலும் தஞ்சாவூரிலும் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. வெல்டர், ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், ஏதாவது ஒரு தொழிலைக் கையில் பிடித்துக்கொண்டு வரட்டும். மேலே போகும் வழி இங்கே திறந்திருக்கிறது.

சட்டமும் உங்கள் பக்கம்தான். இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம். சிங்கப்பூர் ஏஜென்சி தொழிலாளியிடம் வாங்குவது எவ்வளவு நீண்ட ஒப்பந்தமானாலும் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. லெவியை ஆளின் சம்பளத்தில் பிடிப்பது குற்றம். ஆள் அனுப்புவதற்கென்றே தமிழக அரசு 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. இவ்வளவு இருந்தும் டீக்கடை பெஞ்சில் வைத்து லட்சங்களை எண்ணிக் கொடுக்கிறோம், ரசீதுகூட இல்லாமல்.

உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன். பணம் கட்டும் முன் ஐபிஏ என்ற பெர்மிட் முன் ஒப்புதல் தாளைக் கேட்டு வாங்குங்கள். அடிப்படைச் சம்பளம், படி, பிடித்தம் எல்லாம் அதில் எழுதியிருக்கும். அது உண்மைதானா என்று இங்குள்ள மனிதவள அமைச்சின் இணையதளத்தில் பார்த்துவிடலாம். பார்க்கத் தெரியாவிட்டால் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்புங்கள். என் எண் தம்பியிடம் இருக்கிறது. இரவு வேலை முடிந்து அறைக்கு வந்ததும் பார்த்துச் சொல்வேன். அதுவரை ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.