பழைய வண்டியும் பாட்டில் மருந்தும்: எங்கள் நிலைப்பாடு

ராசிபுரம் வட்டாரத்தில் டூவீலர் மெக்கானிக்குகள், பழைய கார் வேலை பார்ப்பவர்கள், லேத் பட்டறைக்காரர்கள் சேர்ந்த எங்கள் சங்கம் வாடிக்கையாளர்களுக்கும் பெட்ரோல் பங்க் உரிமையாளர்களுக்கும் தெரிவித்துக்கொள்வது: பெட்ரோலில் ஊற்றும் மருந்தைக் கேட்டவுடன் இனி எடுத்துக் கொடுக்க மாட்டோம். எஞ்சினைப் பார்ப்போம், தேவை இருந்தால்தான் சொல்வோம். பாட்டிலுக்குக் கமிஷன் உண்டு என்பது ஊரறிந்தது. அது போனாலும் பரவாயில்லை.

“ஈயம் கலந்த பெட்ரோல் போனது, வண்டியின் உழைப்பும் போனது” என்று பெரியவர்கள் சிலர் இன்னும் சொல்கிறார்கள். 1994இல் நான்கு பெருநகரங்களில் ஈயத்தைக் குறைக்க ஆரம்பித்து, 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க நிறுத்தினார்கள். உலகிலேயே கடைசியாக அல்ஜீரியா 2021இல் கைவிட்டது. குழந்தைகளின் மூளையைக் கெடுக்கிற நஞ்சு அது. போனது நல்லதே, சங்கத்தில் இதில் இரண்டு பேச்சு கிடையாது.

ஈயம் எஞ்சினுக்குச் செய்த வேலை இரண்டு. ஒன்று, நாக்கிங் வராமல் பார்த்தது. இன்றைய பெட்ரோல் அதை ஈயமில்லாமலே பார்த்துக்கொள்கிறது. இன்னொன்று, எக்ஸாஸ்ட் வால்வும் சீட்டும் மோதும் இடத்தில் மெல்லிய படலமாகப் படிந்து தேய்மானத்தைத் தடுத்தது. ‘ஈயத்துக்கு மாற்று’ என்று விற்கும் பாட்டில்கள் பொட்டாசியம், மாங்கனீசு போன்றவற்றை வைத்து இந்த இரண்டாவது வேலையைச் செய்யப் பார்க்கின்றன.

ஆனால் இந்தப் பாட்டிலைக் கேட்டு வருகிறவர்களில் பலர் வைத்திருப்பது டிவிஎஸ் 50, ஆர்எக்ஸ் 100, யெஸ்டி. எல்லாம் டூ ஸ்ட்ரோக். அவற்றில் தேய்வதற்கு வால்வு சீட்டே கிடையாது! அந்த வண்டிகளுக்கு நல்ல 2டி ஆயில் சரியான அளவில் போனால் போதும். புல்லட் ஹெட் அலுமினியம். சீட்டைத் தனியாகத்தான் அடித்திருப்பார்கள், தேய்ந்தால் அதை மட்டும் மாற்றிவிடலாம். மாங்கனீசு மருந்தைத் தொடர்ந்து ஊற்றிய வண்டியில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால், முனையில் செங்கல் பொடி பூசியது மாதிரி இருக்கும். அந்தப் படிவு கூடினால் மிஸ்ஸிங்தான் மிச்சம்.

மாற்று மருந்துக்கு நியாயம் இருப்பது ஒரே இடத்தில்: இரும்பு ஹெட் வைத்த பழைய பெட்ரோல் அம்பாசடர் போன்ற கார்கள். அதிலும் வருடத்துக்கு நாலு கல்யாணத்துக்கு மட்டும் எடுக்கிற காருக்கு வேண்டாம். பாரம் ஏற்றி, ஏற்காடு மலையேறி, நெடுஞ்சாலையில் விரட்டினால்தான் சீட் வேகமாகத் தேயும். டேப்பட் இடைவெளியை அளந்து பாருங்கள். வைத்த இடைவெளி திரும்பத் திரும்பக் குறைந்தால் வால்வு உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். அப்போது ஹெட்டைக் கழற்றி, லேத்தில் கடைந்து, கெட்டியான சீட் போடுவதுதான் வைத்தியம். ஒருமுறை செய்தால் பாட்டிலை மறந்துவிடலாம்.

பழைய வண்டிக்கு இன்று வந்திருக்கும் நிஜமான தொல்லை வேறு. 2023இல் இருபது சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 2025க்குள் நாடு முழுக்கப் பரவிவிட்டது. இ10க்குச் சரிசெய்த பழைய டூவீலரில் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று 2021இல் நிதி ஆயோக் அறிக்கையே சொன்னது. எங்கள் மேசைக்கு வருவது மைலேஜைவிடப் பெரிய பிரச்சினை. ஒரு மாதம் நிறுத்திவைத்த மொபெட்டின் கார்புரேட்டரைத் திறந்தால் கிண்ணத்தின் அடியில் வெள்ளைப் பொருக்கு, ஜெட்டில் அடைப்பு, ஊறிப்போன ரப்பர். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து டேங்கின் அடியில் தனியாகப் பிரிந்து நின்றுவிடும். அப்படிப் பிரிந்ததை எந்த மருந்தும் பழையபடி ஆக்காது. டேங்கைக் காலி செய்துதான் ஆக வேண்டும்.

எனவே பழைய வண்டிக்காரர்களுக்குச் சொல்கிறோம்: பாட்டிலுக்குக் கொடுக்கும் காசில் எத்தனால் தாங்கும் பெட்ரோல் ஓஸ், ஃப்ளோட் நீடில், டேங்க் மூடி வாஷர் மாற்றுங்கள். நிறுத்திவைக்கப் போகிறீர்கள் என்றால் பெட்ரோல் காக்கை மூடிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள்.

எத்தனாலுக்கு நாங்கள் எதிரி இல்லை. மோகனூர் ஆலைக்குக் கரும்பு வெட்டுபவரும், மக்காச்சோளம் போடுபவரும், அந்தச் சோளம் விலை ஏறியதால் கோழித் தீவனத்துக்குத் திண்டாடும் பண்ணைக்காரரும் எங்களிடம்தான் வண்டி விடுகிறார்கள். அந்த வழக்கில் நாங்கள் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் பழைய வண்டிகளுக்காக இ10 தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்று அதே நிதி ஆயோக் அறிக்கை பரிந்துரைத்ததே, அது என்ன ஆயிற்று? எத்தனால் இல்லாத பெட்ரோலும் வேண்டும் என்ற பொதுநல வழக்கை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. எண்ணெய் நிறுவனங்கள் தாமாக முன்வந்து, தாலுகாவுக்கு ஒரு பங்க்கிலாவது இ10 கொடுக்கலாம்.

அதுவரை ஒவ்வொரு குழாயிலும் எத்தனை சதவீத எத்தனால் என்று தமிழில், பெரிய எழுத்தில் இருக்கட்டும். சந்தேகம் உள்ளவர்கள் எங்கள் கடைக்குப் பெட்ரோலைக் கொண்டு வரலாம். அளவு ஜாடியில் 50 மில்லி பெட்ரோலோடு 10 மில்லி தண்ணீர் சேர்த்துக் குலுக்கி வைப்போம். எத்தனால் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். அடி அடுக்கு ஏறக்குறைய 20 மில்லி காட்டினால் அது இ20. இதற்குக் கட்டணம் இல்லை. நெருப்புப் பக்கம் வைத்து வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம்.

உள்ளே என்ன இருக்கிறது என்று லேபிளில் அச்சிடாத எந்த மருந்தும் சங்க உறுப்பினர் கடைகளில் இனி இருக்காது.