காடாத் துணியில் ஒரு கால்சட்டை

வேஷ்டிக்கு இணையான உடை உலகத்தில் வேறு எதுவும் கிடையாது என்பது நமது திடமான அபிப்பிராயம். இடுப்பு 28 அங்குலமானாலும் சரி, 48 ஆனாலும் சரி, வேஷ்டி கோபித்துக் கொள்வதில்லை. தீபாவளிப் பலகாரமெல்லாம் தின்று தீர்த்த மறுநாளும் அது நம்மை முன்போலவே ஏற்றுக் கொள்கிறது. ஆனால் பள்ளிக்கூடத்துக்குக் கால்சட்டை அணிந்தல்லவா போக வேண்டியிருக்கிறது! கால்சட்டையோ நம் உடம்பைப் பற்றி முன்கூட்டியே ஓர் அபிப்பிராயம் வைத்துக் கொண்டுதான் கடையை விட்டுப் புறப்படுகிறது. கடைக்காரர் கேட்பது ஒரே ஓர் எண். "36-ஆ, 38-ஆ, சார்?" வயிறு முன் தள்ளியவரும், பின்புறம் தட்டையானவரும், தொடை பருத்தவரும், கால் வளைந்தவரும் அந்த ஓர் எண்ணுக்குள் அடங்கிவிட வேண்டியதுதான்.

இதைச் சொல்லி நாமும் வெகு காலம் சிரித்துக் கொண்டுதான் இருந்தோம். நம் மைத்துனனுடைய விஷயம் தெரிந்த பிறகு சிரிப்பு நின்று போயிற்று.

அவனுக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் கண்டது. இயற்கையில் பரவும் அந்நோய்க் கிருமி இந்தியாவில் கடைசியாக ஒரு குழந்தையைத் தாக்கியது 2011 ஜனவரியில், ஹௌராவில். 2014 மார்ச்சில் தேசம் அதினின்றும் விடுபட்டதாக அத்தாட்சி கிடைத்தது. மைத்துனன் பிறந்ததோ 1983-இல். இடக் கால் சற்றுக் குட்டை, கொஞ்சம் மெலிவு. ஒரு பக்கம் அடி உயர்த்திய பாதரட்சை அணிந்து, ஆதம்பாக்கத்திலிருந்து கிண்டிக்கு உத்தியோகத்துக்குப் போய் வருகிறான். கணக்கில் புலி. சென்ற ஆண்டு அவனுடைய காரியாலயத்தில் புதிதாகச் சேர்ந்த 30 பேருக்கு ஒரு வாரம் வகுப்பு நடத்தும்படி அவனைக் கேட்டார்கள். முடியாதென்று சொல்லிவிட்டு வீடு வந்து சேர்ந்தான்.

சபைக் கூச்சம் என்று நாம் நினைத்தோம். உபாத்தியாயர் அல்லவா? தைரியம் வருவதற்குச் சில உபதேசங்களும் செய்தோம். அவன் தமக்கைதான், அதாவது நம் மனைவிதான், இரண்டு நாள் கழித்து உண்மையை வரவழைத்தாள்.

"நாள் முழுதும் நிற்க வேண்டும், அக்கா. நின்றால் கால்சட்டை ஒரு பக்கமாகச் சுற்றிக் கொள்கிறது. ஒரு கை எப்போதும் இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட்டுக் கொண்டே இருக்கிறது. முப்பது பேர் அதைத்தானே பார்ப்பார்கள்?"

மூன்று தையற்காரர்களிடம் அவன் போயிருக்கிறான். மூவரும் ஒரே வைத்தியத்தைத்தான் செய்தார்கள். இடக் கால் குட்டையா? இடப் பக்கத்துக் கால்சட்டையின் அடியில் ஓர் அங்குலம் கத்தரித்து மடித்துத் தைத்து விட்டார்கள். தரையில் புரளுவது நின்றது. மற்ற வியாதியெல்லாம் அப்படியே இருந்தது.

"நானே தைத்துப் பார்க்கிறேன்" என்றாள் நம் மனைவி.

நம் வீட்டில் இருப்பது மாமியார் கொடுத்த உஷா யந்திரம். கல்கத்தாவில் 1930-களில் பிறந்த சுதேசிக் குலம். யந்திரங்களிடம் மகாத்மாவுக்கு இருந்த மனத்தாங்கல் நேயர்களுக்குத் தெரியும். ஆயினும் 1924-இல் ராமச்சந்திரன் என்ற இளைஞர், பின்னாளில் சௌந்திரம் அம்மையாருடன் 1947-இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவினாரே அவரேதான், "எல்லா யந்திரத்தையுமே வேண்டாம் என்கிறீர்களா?" என்று விசாரித்தபோது, தையல் யந்திரத்துக்கு மட்டும் அவர் விலக்குக் கொடுத்து விட்டார். மனைவி கையால் தைத்து அவதிப்படுவதைக் கண்டு சகியாமல் சிங்கர் என்பவர் அதைக் கண்டுபிடித்தார் என்று ஒரு காரணமும் சொன்னார். சிங்கருடைய குடும்ப வாழ்க்கையைப் பற்றிச் சரித்திரம் சொல்லுவது வேறு மாதிரி. அதைக் கிளற வேண்டாம். யந்திரத்துக்கு விலக்குக் கிடைத்ததே, அதுவே போதும்.

நல்ல துணியில் கத்தரி வைப்பதற்கு முன்னால், மலிவான துணியில் ஒரு பரீட்சைக் கால்சட்டை தைத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. அமெரிக்கர் இப்படிப்பட்ட பரீட்சை உடுப்புக்கு மஸ்லின் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலேயர் அதற்கு உபயோகிக்கும் காலிகோ என்பதோ நம் கோழிக்கோட்டின் பெயர். அந்தத் துணி தங்கள் நெசவாளிகளின் பிழைப்பைக் கெடுக்கிறதென்று 1700-லும் 1721-லும் சட்டம் போட்டுத் தடுத்தவர்கள், அதன் பெயரை மட்டும் பத்திரமாக வைத்துக் கொண்டார்கள்! நமக்குக் காடாத் துணி. வெளுக்காதது, சாயம் ஏறாதது. இரண்டரை மீட்டர் வாங்கி, தண்ணீரில் ஊறப் போட்டு, உலர்த்தி, இஸ்திரி போட்டாயிற்று. ஊறப் போடாமல் தைத்தால் பிறகு சுருங்கி, பட்ட பாடெல்லாம் வீண்.

அடுத்த காரியந்தான் முக்கியம். துணியில் குறுக்கே ஓர் ஊடை நூலை ஊசி முனையால் எடுத்து மெல்ல உருவினாள். நூல் போன வழி ஒரு கோடாகத் தெரிந்தது. அதன்மேல் சிவப்புப் பென்சிலால் கீறினாள். ஸ்கேலை வைத்துக் கண் மதிப்பில் போடுகிற கோட்டைவிட நெசவாளி போட்ட கோடு நம்பத் தக்கது. அப்படியே பின்புறம் மிகப் பருத்திருக்கும் மட்டத்தில் ஒன்று, கவட்டை மட்டத்தில் ஒன்று, முழங்கால் மட்டத்தில் ஒன்று, ஆக மூன்று குறுக்குக் கோடுகள். பாவு நூலை ஒட்டி, ஒவ்வொரு துண்டின் நடுவிலும் இடுப்பிலிருந்து அடிவரையில் நீலப் பென்சிலால் ஒரு நெடுங்கோடு. முன்துண்டு இரண்டு, பின்துண்டு இரண்டு. நாலிலும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் தைத்த பிறகு கோடுகள் பக்கத் தையலில் ஒன்றோடொன்று சேரும். கோடுகள் வெளிப்புறத்தில் தெரிய வேண்டும். தையல் நீண்ட தையலாக, சுலபமாகப் பிரிக்கும்படி இருக்க வேண்டும். பக்கங்களில் ஓர் அங்குலத் துணி உபரியாக விட வேண்டும். பட்டை, பை, காஜா ஒன்றும் வேண்டாம். இடுப்பில் ஒரு நாடாவைக் கட்டிக் கொண்டால் போதும்.

ஆதம்பாக்கத்தில் பழைய தனி வீடுகளை இடித்துவிட்டு அடுக்கு வீடு கட்டும் காரியம் ஓயாமல் நடந்து வருகிறது. எதிர்மனையில் கொத்தனார் தூக்குக் குண்டையும் ரசமட்டத்தையும் பிடித்துப் பார்ப்பதைத் தினமும் காண்கிறோம். அந்தச் சிவப்புக் கோடு ரசமட்டம். நீலக் கோடு தூக்குக் குண்டு. உடுத்தி நிற்கும்போது சிவப்பு தரைக்குச் சமமாக ஓட வேண்டும். நீலம் நேரே இறங்க வேண்டும். எங்கே கோணுகிறதோ அங்கே உடம்பு கேட்பது ஒன்று, துணி கொடுப்பது வேறொன்று என்று அர்த்தம்.

முதற் பரீட்சை நம்மேல் நடந்தது. சிவப்புக் கோடு பக்கங்களில் ஒழுங்காக வந்து, முன்னால் வந்ததும் மலை ஏறிற்று. வயிறானது தனக்கு வேண்டிய துணியைக் கீழிருந்து இழுத்துக் கொள்கிறதாம். முன்துண்டைக் கோட்டோடு கத்தரித்து, நடுவில் ஓர் அங்குலம் அகலும்படி துண்டுத் துணி வைத்து ஒட்டுப் போட்டதும் கோடு மட்டத்துக்கு வந்தது. பின்புறம் பருத்தவர்களுக்கு இதே கதை பின்னால் நடக்கும். தட்டையானவர்களுக்குக் கோடு பின்னால் தொங்கும், அங்கே மடித்துக் குறைக்க வேண்டும். நமது அந்த ஓர் அங்குலத்தைப் பற்றி வீட்டில் நடந்த சம்பாஷணையை இங்கே எழுதுவதாக உத்தேசமில்லை.

பிறகு மைத்துனன் நின்றான். தினமும் அணியும் பாதரட்சையோடு நிற்க வேண்டும் என்று அவன் அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். வெறுங்காலோடு நின்றால் அது வேறு ஆளுடைய அளவு.

சிவப்புக் கோடுகள் தராசுத் தட்டுப்போல் இடப் பக்கம் தாழ்ந்தன. இடக் காலின் நீலக் கோடு நேரே இறங்காமல் மற்றக் காலை நோக்கிச் சாய்ந்தது. நம் மனைவி குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டு தரையில் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் பேசாமல் பார்த்தாள். பிறகு எழுந்து, இடுப்பு நாடாவுக்கு அடியில் இடப் பக்கத்துத் துணியை மட்டும் கொஞ்சங் கொஞ்சமாக மேலே இழுத்தாள். கோடு எழும்பிற்று, மட்டத்துக்கு வந்தது, நின்றது. நீலக் கோடும் தானாக நிமிர்ந்தது. நாடாவுக்கு மேலே துருத்திக் கொண்டிருந்த துணி, பக்கத் தையலில் முக்கால் அங்குலம். நடுத்தையலுக்கு வருமுன் தேய்ந்து ஒன்றுமில்லாமற் போயிற்று.

"இப்போது அடியை அளந்து பாருங்கள்" என்றாள்.

ஸ்கேலைத் தரையில் ஊன்றி இரண்டு கால்களின் அடிவிளிம்பையும் அளந்தோம். இரண்டும் ஒரே உயரம்! கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியமில்லை. இரண்டு பாதங்களும் நிற்பது ஒரே தரையில், தாழ்ந்திருப்பது இடுப்பு. குறைக்க வேண்டிய துணி மேலே இருக்க, நாற்பது வருஷமாகக் கீழே வெட்டிக் கொண்டிருந்தார்கள்.

இடத் தொடை மெலிவாகையால் அங்கே துணி தொளதொளவென்றிருந்தது. அதை வெளிப்பக்கத் தையலிலிருந்து மட்டும் பிடித்தால் நீலக் கோடு நடுவை விட்டு நகர்ந்துவிடும். ஆகையால் உட்தையலிலும் வெளித்தையலிலும் கால் கால் அங்குலம் சமமாகப் பிடித்தாள். இன்னும் பிடிக்கலாம் என்று நாம் யோசனை சொன்னோம். "பிடித்தால் கால் மெலிவு தெரியும். இவ்வளவு போதும்" என்று பதில் வந்தது. ஆசனத்துக்குக் கீழே இரண்டு சுருக்கங்கள் மிஞ்சின. அவற்றையும் எடுத்துவிட்டால் நிற்பதற்கு அழகாக இருக்கும். உட்கார்ந்தால் தையல் விட்டுப் போகும். மைத்துனனை நாற்காலியில் உட்காரச் சொல்லி, மாடிப்படி ஏறி இறங்கச் சொல்லி, வாசலில் ஸ்கூட்டரில் ஏறி உட்காரவும் சொன்னாள். காடாத் துணிக் கால்சட்டையில் சிவப்பும் நீலமுமாகக் கோடு போட்டுக்கொண்டு அவன் தெருவில் நின்றதை எதிர்மனைக் கொத்தனார் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

பிறகு அதைத் தையல் பிரித்து, நாலு துண்டுகளையும் இஸ்திரி போட்டு, அவற்றையே வைத்துக் கருநீலத் துணியை வெட்டினாள். நல்ல துணியைத் தைக்க ஒன்றரை நாள் பிடித்தது; காடாத் துணியோடு போராடியது ஐந்து நாள்.

காரியாலயத்தில் வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்து விட்டார்கள். ஆனால் அடுத்த மாதம் இன்னொரு வகுப்பு வந்தது. இந்தத் தடவை மைத்துனனே போய்க் கேட்டு வாங்கிக் கொண்டான். முதல் நாள் மாலை நம் வீட்டுக்கு வந்தான். எப்படி நடந்தது என்று நாம் கேட்டதற்கு, வட்டிக் கணக்கில் ஒரு பையன் கேட்ட கேள்வியைப் பற்றியே அரை மணி நேரம் பேசினான். கால்சட்டைப் பேச்சை எடுக்கவேயில்லை. புறப்படும்போதுதான் வாசற்படியில் திரும்பி நின்றான்.

"அக்கா, அந்தக் காடாத் துண்டுகளை எறிந்துவிடவில்லையே?"

எறியவில்லை. அலமாரியின் மேல்தட்டில், பழைய தலையணை உறைக்குள், அவன் பெயரெழுதி வைத்திருக்கிறது. பக்கத்திலேயே நம் பெயர் எழுதிய உறை ஒன்றும் இருக்கிறது. அது கொஞ்சம் பெரிது.