எரிச்சல் வந்தால் குற்றமா?



நம்ம தெய்வத்தை ஒருத்தர் முகநூல்ல இழிவாப் பேசினா, "233-ல பிடிச்சு உள்ளே போடுங்க"ன்னு முதல் குரல் கொடுப்பது நாமதான். 1998 தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் அந்த 233-வது பிரிவில், 2025 பிப்ரவரியிலிருந்து அதிகபட்ச அபராதம் 50,000 ரிங்கிட் அல்ல, 500,000 ரிங்கிட். சிறையும் ஓராண்டு அல்ல, இரண்டு ஆண்டு.

மிரட்டுபவர்களையும் வெறுப்பைத் தூண்டுபவர்களையும் தண்டிக்கட்டும். நாங்களும் ஆதரிக்கிறோம். ஆனா, பிறருக்கு 'எரிச்சலூட்டும் நோக்கம்' என்பதும் அதே பிரிவுலதான் இருக்கு. எரிச்சலுக்கு அளவுகோல் ஏது? 2025 மார்ச்சில் ஜாலான் மஸ்ஜித் இந்தியா ஆலய இடமாற்றம் பேச்சானப்போ, நம்மவங்க கேட்ட நியாயமான கேள்விகூட சிலருக்கு எரிச்சலாத்தான் இருந்திருக்கும். நாளைக்கு நம்ம கோயில் நிலத்துக்காக எழுதினாலும் இதே பிரிவு நம்ம மேல பாயலாம்.

அடுத்தவர் வாயை அடைக்க நாம் கேட்கும் பூட்டு, நம்ம வாய்க்கும் பொருந்தும். ஆகவே, "மிரட்டல், வெறுப்புப் பேச்சு எதுன்னு தெளிவா எழுதுங்க, 'எரிச்சலை' எடுத்துடுங்க" என்று நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேட்போம். அதுவரை, புலனத்தில் வருவதைச் சரிபார்க்காமல் யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

ஓம் சக்தி.