மாதிரியைக் காப்பது யார் பொறுப்பு?

ஒருவரின் 11-ஆவது குரோமோசோம் இணையில், தாய்வழி வந்ததில் 'ஏஏடிஜி' என்ற நான்கெழுத்து மரபணுத் தொடர் அடுத்தடுத்து ஆறு முறையும், தந்தைவழி வந்ததில் ஒன்பது முறையும் இருக்கலாம். அடுத்த வீட்டுக்காரருக்கு ஏழும் எட்டும். வெவ்வேறு குரோமோசோம்களில் இப்படி இருபது இடங்களைச் சேர்த்துப் பார்த்தால், ஒருகரு இரட்டையர் தவிர வேறு இருவருக்குப் பொருந்துவது அரிதினும் அரிது.

இத்தகைய வேறுபாடுகளால் ஆளை அடையாளம் காணும் வழியை 1984-இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்தவர் அலெக் ஜெஃப்ரீஸ். முதல் கொலை வழக்கிலேயே அது, செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்ட ஓர் இளைஞரைக் காப்பாற்றியது. அதன் பிறகே உண்மைக் குற்றவாளி பிடிபட்டார். அதன் பெரும் பெருமையாக நாம் கருதுவது இதையே.

நம் நாட்டில் இந்த அறிவியல் உறை, முத்திரை, பதிவேடு ஆகியவற்றில் தடுக்கி விழுகிறது. தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011-இல் நடந்த இரட்டைக் கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றவரை, 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. மரபணு மாதிரிகள் கையாளப்பட்ட விதத்தைக் கண்டித்த நீதிபதிகள், அவை 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும், கைமாறும் ஒவ்வொரு கட்டமும் பதிவாக வேண்டும் என்று நாடு முழுமைக்கும் நெறி வகுத்தனர். கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு என்ன பதில்?

மரபணுத் தகவல் குறித்த 2019 மசோதாவும் 2023-இல் திரும்பப் பெறப்பட்டுவிட்டது. புதிய மசோதா வரட்டும். அதுவரை, மாதிரிகள் கைமாறுவதைக் குறிக்கும் பதிவேடு காவல் நிலையங்களில் இருக்கிறதா என்று மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்கள் நேரில் சென்று பார்க்க வேண்டும்.